டிரெவரின் எடை

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், பொய் எழுதக் கை வரவில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், பெற்றவள் கூப்பிடக் கூப்பிட ஃபோனை எடுக்காமல் உட்கார்ந்திருக்க உடம்பில் நல்ல தெம்பு வேண்டுமே. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ‘எழுத்துல எதையும் குடுக்காத மார்லிஸ், நாளைக்கு அவ இதையே கொண்டுபோய் நீட்டுவா’ என்று உன் அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று புலம்புகிறார். ‘அவளை வளர்த்தது நான், அவ நீட்ட மாட்டா, நீங்க போய்ப் பன்னிக்குத் தீனி வைங்க’ என்றேன். போய்விட்டார். இந்த வீட்டில் சொன்னதும் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான். நீயும் அப்படித்தான் இருந்தாய், அந்தக் காலேஜுக்குப் போகிறவரை.

தம்பியைப் பற்றித்தான் முதலில் கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிரெவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். சிறுநீரகம் மெல்ல வேலை செய்ய ஆரம்பிக்கும் என்று ஒரு டாக்டர் சொல்கிறார், ரொம்ப நம்பாதீர்கள் என்று இன்னொரு டாக்டர் சொல்கிறார், இரண்டு பேரும் நன்றாகத்தான் வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். முகம் ஊதிப்போய் உன் சின்ன வயசு ஃபோட்டோ மாதிரி இருக்கிறான், கோபித்துக்கொள்ளாதே, இருப்பதைச் சொன்னேன். கண்ணைத் திறந்ததும் அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ‘எடை வந்துச்சாம்மா?’ என்றான். ‘வந்துச்சுடா கண்ணு, சரியா நூத்தி இருபது பவுண்ட்’ என்றேன். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தான். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் என்னைப் பேயைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். எந்த ஊர்க்காரியோ, மல்யுத்தம் என்றால் என்னவென்றே தெரியாத இடத்தில் பிறந்தவள். நம் ஊர் நம்மைக் கைவிடவில்லை. சர்ச் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், பிளம் வைத்த கொலாச்சி பன் தட்டுத் தட்டாக வந்து குவிகிறது. சின்னவன் வெஸ்லி ஒன்றைக்கூடத் தொடவில்லை, எல்லாம் உன் அப்பா வயிற்றுக்குள்தான் போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரெவர் விழுந்ததை விசாரிக்கிறவர்கள் வியாழக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, அக்டோபரில் டிரெவருக்கு அளவு எடுத்தது நீதானா என்று கேட்பார்கள். நீதான் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. மல்யுத்த சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு பையனின் உடம்பிலும் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, எந்த எடைக்குக் கீழே அவன் இறங்கக் கூடாது என்று அளந்து எழுதுகிற வேலையை வழக்கமாகச் செய்கிற நர்சம்மா நின்றுவிட்டாள். என் மகள் அந்தப் பயிற்சியைக் காலேஜில் முடித்திருக்கிறாள் என்று கோச் நோவாக்கிடம் சொல்லி உன்னை வரவழைத்ததே நான்தான். உனக்கும் அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை, காலேஜ் பெயர் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். டிரெவரின் முறை வந்ததும் கையின் பின்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, வயிறு என்று அந்த இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னவோ நல்ல செய்தி சொல்வது மாதிரி, ‘இவன்கிட்ட கொழுப்பே இல்லம்மா, நூத்தி இருபத்தாறுக்குக் கீழ இறக்கக் கூடாது’ என்றாய். நூற்று இருபத்தாறு பவுண்ட் பிரிவில் யார் மோதுகிறான் என்று உனக்குத் தெரியாதா? போன வருஷம் நம் பையனை ஊர் பார்க்க மல்லாத்திப் போட்டவன் இருக்கிறான். நூற்று இருபதில் சொல்லிக்கொள்ளும்படி ஒருத்தனும் இல்லை, பதக்கம் காத்துக்கிடந்தது. அதனால் உன்னை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், ‘கூடப் பிறந்தவனைவிட அந்த ரெண்டு வருஷக் காலேஜ் பெருசாப் போச்சாடீ உனக்கு?’ என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். கையைப் பிடித்து முறுக்கினேனா? நீயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய், நீயே மறுபடி கிள்ளினாய், இந்தத் தடவை தோலோடு சதையையும் சேர்த்து இழுத்துப் பிடித்தாய், கொழுப்பு அதிகம் என்று வந்தது, நூற்று இருபதுக்கு இறங்கலாம் என்று நீயே எழுதினாய். கீழே உன் கையெழுத்துதான் இருக்கிறது, என்னுடையது இல்லை.

போட்டி வாரத்தில் நான் என்ன பாடுபட்டேன் என்று யாரும் கேட்பதில்லை. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைத் தவிர அவன் வாயில் எதுவும் படாமல் பார்த்துக்கொண்டேன், வெந்நீரைத் திறந்துவிட்டுக் குளியலறையை ஆவியாக்கி, ரப்பர் சட்டைக்கு மேல் உன் அப்பாவின் குளிர்கோட்டையும் மாட்டி வியர்த்து எடை இறங்கட்டும் என்று அவனை உள்ளே குதிக்கவிட்டேன், கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான். அப்போதுதான் நீ ஃபோன் செய்தாய். ‘நாக்கு காஞ்சிருக்காம்மா, ஒண்ணுக்கு என்ன நிறத்துல போறான், தண்ணி குடுங்கம்மா, நான் வேணும்னா கோச்சுகிட்டப் பேசறேன்’ என்று ஒரே அழுகை. பாதிப் படிப்பு படித்தவர்களுக்கு எப்போதும் பயம்தான் அதிகம். டிரெவர் உன் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து கதவைத் தட்டினான், ஃபோனைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. நீ பேசியிருந்தால் அவன் குடித்திருப்பான், அந்தப் பையனுக்கு உன்மேல் அப்படி ஒரு பைத்தியம், சின்ன வயசில் அவன் மல்யுத்தப் பிடி பழக நீ கீழே விழுந்து கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான். மறுநாள் தராசில் ஏறி எடையைப் பிடித்தான், கோச் முதுகில் தட்டினார், நானும் கைதட்டினேன், முதல் ஆட்டத்துக்குக் கூப்பிடுவதற்குள் உடை மாற்றும் அறையில் சுருண்டு விழுந்துவிட்டான். அத்தனை பாடுபட்டும் மல்யுத்தப் பாயில் கால் வைக்கவில்லை.

வியாழக்கிழமை நீ சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். அனுபவம் போதாமல் தப்பாக அளந்துவிட்டேன், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இதற்கு மேல் வாயைத் திறக்காதே. உன் டீச்சர் திருமதி பார்ட்டெல் இங்கேயே ஃபோன் செய்து, ‘எங்க வகுப்புலயே கை சுத்தமா அளக்கற பொண்ணு அவதான், அவளா இப்படி அளந்திருக்க மாட்டா’ என்று எனக்கே பாடம் எடுத்தாள். கை சுத்தமான பெண்களும் சில நாள் கவனம் தப்புவார்கள் என்று சொல்லி வைத்தேன். படிப்பிலிருந்து உன்னை நீக்கிவிடுவார்கள் என்கிறாள், நீக்கட்டும். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று நீ கிளம்பியபோதே நான் சிரித்தேன், உன் இடுப்பைப் பார்த்து யாரம்மா பயிற்சிக்கு வருவார்கள்? இங்கே தானிய மண்டியில் ஆள் எடுக்கிறார்கள், உனக்கு அதுவே அதிகம். ஆனால் தாழ்வாரத்தில் நான் பேசியது வெளியே வந்தால் என் கதி என்ன என்று யோசி. பிள்ளைகள் நலத்துறையிலிருந்து ஒருத்தி வந்து வெஸ்லியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். அவர்கள் பையன்களை எடுத்துக்கொண்டு போனால் எனக்கு என்ன மிஞ்சும், நீயா மிஞ்சுவாய்? டிரெவர் வேறு அந்த நர்சிடம், ‘அக்கா வேணாம்னுதான் சொன்னா, அம்மாதான் திரும்ப அளக்க வெச்சாங்க’ என்று ஏதோ சொல்லியிருக்கிறான். ரத்தத்தில் உப்பு ஏறிப் பிள்ளை உளறுகிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பினாளா தெரியவில்லை.

அவன் உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மெஷினில் போடுகிறபோதெல்லாம் பயப்படுகிறான், அக்காகிட்ட பேசணும், அக்காவுக்குத் தெரியும், இது வலிக்குமா வலிக்காதான்னு அவ படிச்சிருப்பா என்கிறான். அவனுடைய ஃபோன் என் கைப்பையில்தான் இருக்கிறது. நீ அனுப்பிய செய்திகளெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன, நான் படிக்கவில்லை, அவனுக்கும் காட்டவில்லை. அக்காவுக்குப் பரீட்சை, நேரமில்லை என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை நீ ஒழுங்காகப் பேசிவிட்டால் அன்று சாயங்காலமே ஃபோனை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உன்னிடம் அடம் பிடித்து எனக்குப் பழக்கமில்லை கண்ணு, உனக்கும் என்னிடம் பழக்கமில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஆனால் பார்த்துச் சாப்பிடு. அங்கே காற்று அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியையும் கட்டுப்பட்ட நாக்கையும் தந்து காப்பாற்றட்டும். வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்ற,
அம்மா மார்லிஸ்

பி.கு.: எப்படியும் சாமான்களைக் கட்டிக்கொண்டு வரத்தான் போகிறாய், வரும்போது அந்த இடுக்கியையும் எடுத்து வா, வெஸ்லிக்கு வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம். வருகிற சீசனில் அவனுக்கும் முறை வருகிறது. நேற்று ராத்திரி சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரைத் தானாகவே தள்ளி வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.