மீசை போன அசுரர்

இஞ்சாருங்கோ,

நான் துறைமுகக் கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிடுறன். கடலால வந்ததும் சாப்பிடுங்கோ, புட்டும் சூடைமீன் குழம்பும் குசினியில மூடிக் கிடக்கு.

உங்கட அக்கா பத்து மணிக்குச் சல்லி ஊரில இருந்து வருவா. இனி ஒரு வருசத்துக்கு வெள்ளித் தட்டு அவவிட்ட இருக்கிற முறை. அலுமாரித் திறப்பு சீனிப் போத்தலுக்குப் பின்னால.

நேற்று நான் கத்தினது கத்தினதுதான். மினுக்கித்தான் குடுக்கவேணும், ஓம். அதுக்காக உங்கட பூட்டன் காலத்துத் தட்டை, வள்ளம் தேய்க்கிற மாதிரிக் கடல்மண் போட்டே தேய்க்கிறது? தட்டில செதுக்கியிருக்கிற, பாற்கடல் கடையிற அசுரர் ஒருத்தருக்கும் மீசை இல்லை. இப்ப ரெண்டு பக்கமும் தேவர்தான் நிண்டு இழுக்கினம்.

வெத்திலையைப் பரப்பி, வாழைப்பழச் சீப்பை அசுரர் பக்கமா வைச்சுக் குடுங்கோ. வாயைத் திறக்காதேங்கோ.

சிவரதி

பி.கு: விஷ்ணுவின்ர மூக்கு உங்களால போனதில்லை. பத்து வருசத்துக்கு முதல் நான் புளி போட்டுத் தேய்ச்சனான். குடுக்கேக்க அதில சந்தனப் பொட்டு வைக்கிறது அதுக்குத்தான். இந்த முறையும் வைச்சிருக்கிறன்.

இன்னொண்டு. அக்கா திருப்பித் தரேக்க, பாம்பின்ர தலையில எப்பவும் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். நான் ஒருநாளும் அதைத் துடைச்சுப் பாத்ததில்லை. நீங்களும் பாக்காதேங்கோ.