பானெட்டில் தெரிந்த எழுத்து

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய வலது கை மட்டும் சுகமில்லை. நீ புனேயில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அவர் காது இங்கேயே நிற்கும், அதனால்தான் பருப்புப்பொடி கூரியரோடு இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு உன்னைப் பெண் கேட்டு மெல்வினுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்களே, அவர்களை ராஜபாளையம் ஸ்டேஷனிலிருந்து நம்ம பழைய சிவப்பு மாருதியில்தான் அழைத்துவர வேண்டும். பானெட்டில் நம்ம சாதிப் பெயரைப் பெரிதாக ஒட்டிக்கொண்டு போய் நின்றால் வேறு சாதி, வேறு மதத்துக்காரர்கள் எப்படி ஏறுவார்கள், அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவார்கள் என்று நான் பிடித்த பிடியில் அப்பா ஸ்டிக்கரை உரித்தார். உரித்த பிறகுதான் கூத்து. பத்து வருஷ வெயிலில் வண்டி முழுக்க வெளுத்து ரோஸ் கலராகிவிட்டது, ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. ஸ்டிக்கர் போயும் பெயர் போகவில்லை. ரிட்டயர்டு ஏட்டு உங்க அப்பா சும்மா இருப்பாரா, பாலிஷ் வாங்கிவந்து எழுத்தை அழிக்கிறேன் என்று பகல் முழுக்க அந்த எழுத்தையே தேய்த்தார். அது பளபளத்துத் தெருமுனையிலிருந்தே படிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

நான் சிரித்த சிரிப்பில் வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் பெயின்டர் காசிராஜனிடம் கொண்டுபோனார். "அண்ணாச்சி, எழுத்த விடுங்க, சுத்தி வெளுத்ததத் தேய்ங்க" என்றாராம். நிழலில் நிறுத்திக் கழுவி, கையளவு இடமாகக் காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்க்க வேண்டுமாம், துணி சிவந்தால் பயப்பட வேண்டாமாம், விளிம்பில் மட்டும் அழுத்தக் கூடாதாம். அப்பா அப்படியே தேய்த்ததில் மூன்று நாளில் எல்லாம் ஒரே சிவப்பாகி எழுத்து மறைந்தது. வெயில் தாங்க மேலே வாக்ஸும் பூசினார். இத்தனை வருஷம் அதை ஒட்டி என்ன கண்டீர்கள், பஞ்சராகாமல் ஓடியதா என்று கேட்டேன், இன்னொரு தடவை வாக்ஸ் பூசப் போய்விட்டார்.

நேற்று பெரியப்பா முத்துப்பாண்டி புது ஸ்டிக்கரோடு வந்துவிட்டார், பழையதைவிடப் பெரிசு. "ஏலே தம்பி, வண்டி அம்மணமா நிக்கி" என்று பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார். அண்ணன் பேச்சை உங்க அப்பா தட்டி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, கைய எடுங்க. மூணு நாள் தேச்சிருக்கேன். ஆசையா இருந்தா ஒங்க நெத்தியில ஒட்டிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார். அப்பா பானெட்டில் பதிந்த அண்ணன் கைரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நீ அங்கே அழுது தொலைக்காதே, கொள்கையெல்லாம் ஒன்றும் கிடையாது, கை வலிக்கிறது. இந்த ஊரில் சாதி கைவலியால் ஒழிந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீயும் மெல்வினும் சண்டை போட்டாலும் பிரியாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். சனிக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு, முதலில் பெயின்ட்டைப் புகழு, அவர் குளிர்ந்த பிறகு கல்யாணத் தேதியைக் கேள்.

உன் அம்மா,
ஆனந்தவல்லி