நாற்பத்து மூன்றில் ஒரு சரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் 92. மதியம் 287. அதே சாப்பாடு, அதே அளவு இன்சுலின், அதே நான். எட்டு வயதில் வந்த டைப் ஒன் சர்க்கரை வியாதி. முப்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்தியும் இந்தச் சர்க்கரைக்கு என் மேல் ஒரு மரியாதை வரவில்லை.

எரிச்சல்கூட வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டு கடையில் துணி வெட்டும் கட்டிங் மேசைக்குப் போனேன். பள்ளிச் சீருடைத் துணிகள் குவிந்து கிடந்தன.

மார்ச் 6, வியாழன்

போன மாதம் தையல் கடையில் மயங்கி விழுந்ததிலிருந்து வீட்டுக்காரருக்கு ஒரே பாட்டு. "கத்தரிக்கோலும் கையுமா நிக்கிற வேலை உனக்கு வேண்டாம். விட்டுடு."

முடியாது என்று குரலை உயர்த்தினேன். அவ்வளவுதான். "முதல்ல சுகர் பாரு." சர்க்கரை இறங்கினால் எனக்குக் கோபம் வரும், உண்மைதான். அதற்காக என் கோபமெல்லாம் சர்க்கரையா?

பார்த்தேன். 126. காட்டினேன்.

"இனிமே இறங்கப்போகுதோ என்னவோ. எதுக்கும் இந்த ஜூஸைக் குடிச்சிடு."

குடித்தேன். படுக்கும்போது 240.

மார்ச் 7, வெள்ளி

ஒன்றுமில்லை.

மார்ச் 10, திங்கள்

"இப்பல்லாம் நீ அமைதியா இருக்க. நல்லா கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு போல." அவருக்குச் சந்தோஷம்.

அமைதி இல்லை. ஊசி ஏறி ஏறித் தடித்த வயிற்றுத் தோல் மாதிரி மரத்துக் கிடக்கிறேன். வாயைத் திறந்தால் ஜூஸ்தானே வரும், எதற்குத் திறப்பது?

மார்ச் 12, புதன்

மகள் சொல்லித்தான் தெரியும். நேற்று சாயங்காலம் சமையலறையில், மூடியிருந்த குழாயைத் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்தேனாம். அவள்தான் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறாள். 43. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. வழக்கமாக வரும் வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, கோபம்கூட இல்லை.

"நீ சிரிச்சிட்டே இருந்தம்மா. அதான் பயமா இருந்துச்சு."

மார்ச் 13, வியாழன்

முதலாளியம்மா போன் செய்தார். "நீ வேலைய விடறேன்னு உன் வீட்டுக்காரர் சொல்றாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நானா? எப்போது?

வீட்டுக்காரரைக் கேட்டேன். "செவ்வாக்கிழமை சாயங்காலம், சமையல்கட்டுல. விட்டுடலாமான்னு கேட்டேன். சரின்ன. சிரிச்சிட்டேதான் சொன்ன. உடனே வெளிய போய் அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன்."

செவ்வாய் சாயங்காலம் — குழாய் — 43.

பதினோரு வருஷம் நின்ன மேசை. ஒரு சரில போச்சு. அது நான் சொன்னதே இல்லையே. அழுகையாவது வரணும். ஏன் வரமாட்டேங்குது?

மார்ச் 14, வெள்ளி

டாக்டரம்மா இன்சுலின் அளவைக் குறைத்தார். வியாதி வந்து நீண்ட காலம் ஆனால் சர்க்கரை இறங்குவது உடம்புக்குத் தெரியாமலே போய்விடுமாம். "கோபம் வந்தா மட்டும் பாக்காதீங்க. நல்லா இருக்கற மாதிரி இருந்தாலும் பாருங்க." கூட வந்த வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "நான் மாட்டேன்னு சொன்னப்பல்லாம் சுகர் பாருன்னீங்க. சரின்னு சொன்னப்ப ஏன் பாக்கச் சொல்லல?"

பஸ் வந்தது. என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

நானே கடைக்குப் போய்க் கேட்டேன். மேசைக்குப் புது ஆள் வந்தாயிற்று. காலர் தைக்க இடம் இருக்கிறது என்றார் முதலாளியம்மா. உட்கார்ந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

"காலர் வேலை நிம்மதிதானே, உக்காந்தே பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன். அவர் எழுந்தார். சுகர் மெஷின் இருக்கும் அலமாரியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்லு. எதுக்குக் கோபம்?"

சொன்னேன். அந்த மேசை எனக்கு என்ன என்று சொன்னேன். தான் எவ்வளவு பயந்து கிடந்தார் என்று அவரும் குரலை உயர்த்தினார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நடுவில் எனக்கு அழுகை வந்தது, நிறைய வந்தது.

முகம் கழுவிவிட்டு வந்து நானே விரலைக் குத்திப் பார்த்தேன். 118. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை.