வலது தோளும் பேர்ணாம்பட்டுச் சாலையும்

ஆம்பூர், 7 ஜனவரி 1935, திங்கள்

காலையில் வாணியம்பாடி, மத்தியானத்துக்கு மேல் பேர்ணாம்பட்டு. இரண்டு இடத்திலும் பிரசவம் இல்லை, மாசமாக இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருகிற வேலைதான். கிரேஸி, அந்நிய ஆண்கள் நுழையக்கூடாத கோஷா வீட்டுக்குள் போய்த் திரும்பும்வரை நான் தெருவில் மோட்டார் சைக்கிளோடு நிற்கவேண்டும். பெண்டாட்டி நர்ஸ், புருஷன் கம்பவுண்டர். மிஷன் மருந்தகத்தில் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே ஆளாகத்தான் நினைக்கிறார்கள்.

இந்த வண்டியும் பக்கத்தில் ஒட்டிய சைடுகாரும் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மாட்டுவண்டியில் போன காலத்தில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். சில வீடுகளில் ஒப்பாரிச் சத்தம்தான் எங்களை வரவேற்கும். அதை நினைத்தால் இந்த வண்டியைக் கும்பிடத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வலது தோள் கனத்தது. குளிர்காற்றாக இருக்கும்.

19 ஜனவரி, சனி

குளிர்காற்று இல்லை. பள்ளிகொண்டா தாண்டும்போதே வலி கழுத்துக்கு ஏறிவிட்டது. யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிறவன், ஒளித்துத் தேய்த்துக்கொள்கிறேன்.

3 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். கிரேஸி பார்த்துவிட்டாள்.

“இன்னா ஆச்சு கைக்கு?”

“ஒண்ணும் இல்ல. படுத்த வாட்டம் சரியில்ல.”

ஏன் மறைக்கிறேன்? வண்டி ஓட்ட என்னால் முடியவில்லை என்று தெரிந்தால் அதை வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வாங்கிக்கொள்வார்கள். அங்கே ஓட்ட ஆள் இருக்கிறது, இங்கே என்னை விட்டால் இல்லை. கிரேஸி மறுபடி மாட்டுவண்டியில் ஏறவேண்டும். இதுதான் காரணம் என்று எழுதிக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கலாம். முப்பத்திரண்டு வயசில் தோள் போய்விட்டது என்று எந்த ஆம்பிளை வாய்விட்டுச் சொல்வான்?

11 பிப்ரவரி, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேர்ணாம்பட்டு அக்தரி பேகம் வீட்டிலிருந்து காலையில் ஆள் வந்தது. மருமகள் அஃப்ஸர் ஜஹானுக்கு வலி கண்டுவிட்டது, தலைச்சன். உடனே கிளம்பினோம். பாதி வழியில் எதிரே தோல் பதனிடும் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. இடது பக்கம் நன்றாக ஒதுங்கிவிட்டு, மறுபடி சாலைக்கு ஏற ஹாண்டில்பாரை வலது பக்கம் இழுத்தேன். கை கேட்கவில்லை. கை என்னுடையதே இல்லை போல இருந்தது. வண்டி இடப்பக்கமே போய்ச் சைடுகாரோடு ஓடையில் இறங்கிவிட்டது.

கிரேஸி நெற்றியில் ரத்தம்.

வண்டிக்காரர்கள் நாலு பேர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் இல்லை. அப்போதுதான் சொன்னேன், ஒரு மாசமாக வலிக்கிறது என்று. முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். திட்டவில்லை. “அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப போயாகணும்” என்றாள்.

“கை இழுக்கமாட்டேங்குது கிரேஸி.”

“நீங்க இழுக்க வேணாம். இந்தப் பக்கத்துலேர்ந்து நான் தள்றேன்.”

சைடுகாரில் மண்டியிட்டு, எட்டி, ஹாண்டில்பாரின் இடது பிடியில் என் கைக்குப் பக்கத்திலேயே தன் கையை வைத்து முன்னால் தள்ளினாள். வண்டி நேராக ஓடியது. மெதுவாகத்தான், ஆனாலும் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்:

“இந்த வண்டி சும்மாவே என் பக்கம் இழுக்குதே. எப்பவும் இப்டித்தானா?”

“ஆமா.”

“இதையா தினமும் இழுத்துப் பிடிச்சுக்கினு வர்றீங்க?”

வண்டி என்றால் இப்படித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா…” என்று ஆரம்பித்த கிரேஸி நிறுத்திக்கொண்டாள். அக்தரி பேகம் கதவுக்குப் பின்னாலிருந்து எனக்குப் பால் கொடுத்தனுப்பினார்கள். டம்ளரை இடது கையால் வாங்கினேன்.

12 பிப்ரவரி, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

காலையில் கிரேஸி வெந்நீரில் துணியைப் பிழிந்து தோளில் போடும்போது சொன்னாள்: “வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? இதத்தான் பண்ணியிருப்பேன்.”

14 பிப்ரவரி, வியாழன்

வாராந்திர முகாமுக்கு வேலூரிலிருந்து டாக்டரம்மா வந்தார்கள். கிரேஸி என்னை நோயாளிகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு, நின்றிருந்த வண்டியில் ஏறி, ஓட்டுகிற மாதிரியே பிடிக்கச் சொன்னார்கள்.

“தோளைக் காது வரைக்கும் தூக்கி வெச்சிருக்கீங்க. கை ரெண்டும் கம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. இப்படியே கொஞ்ச நேரம் சும்மா நின்னாலும் வலிக்கும், சாந்தகுமார்.”

எலும்பில் ஒன்றும் இல்லை, சதை ஓய்ந்துபோயிருக்கிறதாம். மாசக் கடைசிவரை ஓட்டக்கூடாது. அதுவரை வண்டி வேலூரில் இருக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கிரேஸி, “வேணாம் டாக்டரம்மா. இங்கயே இருக்கட்டும். நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம்” என்றாள்.

என்ன ஏற்பாடு? எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

18 பிப்ரவரி, திங்கள்

ஆபித் பாஷா வந்தான். தோல் ஷாப் லாரியைப் பார்த்துக்கொள்கிறவன், என் தோஸ்த். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றேன். நேரான இரண்டு பலகை கொண்டுவந்து, ஒன்றை மோட்டார் சைக்கிள் சக்கரங்களை ஒட்டியும் மற்றதைச் சைடுகார் சக்கரத்தை ஒட்டியும் தரையில் வைத்தான். பலகை இரண்டும் முன்பக்கம் விரிந்து நின்றன.

“பாரு, மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்கு, கோவிச்சுக்கின மாப்ள மாதிரி. அது ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் இழுக்குற.”

“எப்ப இப்டி ஆச்சு?”

“நம்ம ரோட்டக் கேளு.”

ஆணிகளைத் தளர்த்தி, சக்கரத்தை உள்ளே திருப்பி முடுக்கினான். ஹாண்டில்பாரைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக் கீழே இறக்கினான். இப்போது உட்கார்ந்தால் முழங்கை தானாக மடிகிறது. கிரேஸி அவன் செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தாள். கிளச்சு எது, பிரேக்கு எது என்று கேட்டுக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

21 பிப்ரவரி, வியாழன்

“எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க” என்றாள் கிரேஸி.

முடியாது என்றேன். சேலை செயினில் மாட்டும்.

“இழுத்துச் செருவிக்கினா மாட்டாது.”

ஊர் என்ன சொல்லும்?

“ஊர் இன்னா சொல்லும்னா பிரசவ வலியில ஒரு பொண்ணு கத்துது?”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். சர்ச்சு வரை நடந்தேன். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

2 மார்ச், சனி

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மைதானம். முதல் சுற்றில் எஞ்சின் நின்றுபோனது. இரண்டாவதில் வேலியைத் தொட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஓட்டினாள். ஓட்டினாள் என்றால், நிஜமாகவே ஓட்டினாள்.

சைடுகாரில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்தேன். பிறந்த பிள்ளையை ஏந்திப் பழகிய கை, இறுக்கத் தெரியாது. பிடி தளர்ந்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன்.

போதகர் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். “பாத்தும்மா, கல்லறைப் பக்கம் பள்ளம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

18 மார்ச், திங்கள்

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு இன்று வாணியம்பாடி வரை ஓட்டினேன். கிளம்புமுன் தோளை முன்னும் பின்னும் சுழற்றச் சொல்லியிருந்தார்கள். தெருவில் நின்று அதைச் செய்யும்போது எதிர்வீட்டு மஹ்பூபி சிரித்தாள். சிரிக்கட்டும். முன்பெல்லாம் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவேன், இப்போது அது சைடுகாரில் கிரேஸி காலடியில் இருக்கிறது. வேர்த்த தோளில் காற்று படாமல் ஒரு துண்டு. தோள் மேலே ஏறுகிறதென்று தோன்றினால் மூச்சை விட்டு இறக்கிக்கொள்கிறேன். வலி வரும்வரை காத்திராமல், வருவதற்கு முன்பே புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினோம். இதுவரை செய்யாதது இதுதான். போய்ச் சேர்ந்த பிறகுதான் இறங்கவேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது?

வண்டி நேராக ஓடுகிறது. வலி முற்றிலும் போகவில்லை. ஜாஸ்தி இல்லை, அவ்வளவுதான்.

6 ஏப்ரல், சனி

கிரேஸிக்கு லைசென்ஸ். வேலூரில் போலீஸ் அதிகாரி எதிரே ஓட்டிக் காட்டினாள். அவர் அவளைவிட என்னைத்தான் அதிகம் விசாரித்தார்: “உனக்குச் சம்மதமாய்யா?” சம்மதம் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில் போய்விட்டது.

14 மே, செவ்வாய்

வெயில். ஆளுக்குப் பாதி வழி. தோள் சும்மா இருந்தது.

5 ஜூலை, வெள்ளி

குடியாத்தம். வஜீதா என்ற பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம். போகும்போது கிரேஸி ஓட்டினாள். சைடுகாரில் உட்கார்ந்தால் புழுதி அத்தனையும் முகத்தில், முட்டி தகரத்தில் இடிக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டிக்கு ஒரு மெத்தை தைத்துப் போடவேண்டும். அதுவரை நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

எஞ்சின் நின்றதும் கண் விழித்தேன். தெருவில் பெண்கள் கூடியிருந்தார்கள். கிரேஸி ஏற்கெனவே இறங்கி, முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டோம், எழுந்திருங்க. அந்தப் பையை எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன்.