குச்சி, உள்ளே போ

மார்ச் 4

ஏசி மறுபடி மக்கர். ஐந்து கம்ப்யூட்டரும் சேர்ந்து பயிற்சி அறையை அடுப்பாக்கி வைத்திருக்கின்றன. அந்த வேர்வையிலும், துப்பாக்கியால் சுடுகிற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு லீக்கின் கடைசி ஆட்டத்தை ஜெயித்தோம். புள்ளியில் நாலாவது இடம். முதல் நாலு அணிக்குச் சாம்பியன்ஷிப்புக்கு நேரடி அழைப்பு. இத்தனை வருஷம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நாங்கள்.

"கடைசி ரவுண்டுல நீ சொன்ன வழியிலேயே வந்தானுங்க கேப்டன்," என்றான் வாத்தி. முன்பு கணக்கு ட்யூஷன் எடுத்தவன், அதனால் அந்தப் பேர். அவன் லேசில் யாரையும் பாராட்ட மாட்டான்.

கேப்டன் நான்தான். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மார்ச் 5

நேற்றைய ஒளிபரப்பைப் போட்டுப் பார்த்தோம். வர்ணனையாளர் சொல்கிறார்: "இந்த டீம்ல தம்பி சுடுறாரு, அக்கா பேசுறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். என் தம்பி குச்சியும் சிரித்தான், என் மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பேசுகிறேனாம். யார் எங்கே நிற்பது, எப்போது பாய்வது, எதிராளி அடுத்து என்ன நினைப்பான், இதெல்லாம் வெறும் பேச்சா? குச்சி உள்ளே பாய்ந்து சுடுகிறான், சரி. எந்தக் கதவில் பாயணும்னு எவ சொன்னா?

மார்ச் 9

கிளப் முதலாளி வந்தார். வந்தவர் விதியை மறுபடி ஓதினார். சீசன் தொடங்கின ஐந்து பேரில் மூன்று பேராவது மாறாமல் இருந்தால்தான் சீசன் புள்ளி அணியோடு இருக்கும், அழைப்பும் இருக்கும். சீசன் பாதியில் இரண்டு பேர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள்தான் ரெட்டைப் பசங்க. ஆக மிச்சம் நான், குச்சி, வாத்தி. எங்களில் ஒருவர் நகர்ந்தாலும் புள்ளி அத்தனையும் காலி. யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கிற ஓபன் தகுதிச் சுற்றில், கும்பலோடு கும்பலாக ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

"யாரும் எங்கேயும் போகலையேம்மா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

மார்ச் 14

குச்சியைப் பெரிய கிளப் ஒன்று கேட்டிருக்கிறது. உலகப் போட்டிகளில் ஆடுகிற கிளப். இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். எனக்கு வாத்தி சொல்லித்தான் தெரிந்தது. கூடப் பிறந்தவன், ஒரே வீட்டில் இருக்கிறவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சமையலறையில் பிடித்தேன். ஏன்டா சொல்லல?

"வேணாம்னுட்டேன்ல. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

ஏன் வேணாம்?

கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினான். "நான் போனா உனக்குச் சாம்பியன்ஷிப் போயிடும்லக்கா."

உனக்கு. நமக்கு இல்லை, உனக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 15

அவனுக்கு இருபது வயசு. இந்த ஆட்டத்தில் கை இவ்வளவு வேகமாக இருப்பது கொஞ்ச காலம்தான், அந்தக் கிளப் திரும்பக் கதவைத் தட்டும் என்று நிச்சயம் இல்லை. இது ஒரு காரணம்.

இன்னொன்று: தம்பி விட்டுக்கொடுத்த நாற்காலியில் போய் உட்கார என்னால் முடியாது. அந்த வர்ணனையாளர் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

எது பெரிய காரணம்? ரெண்டாவதுதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 16

போகச் சொல்லிவிட்டேன்.

"என்னைத் துரத்துறியா?"

"ஆமா. போய் உன் ஆட்டத்தை ஆடு. எனக்காகன்னு சொல்லிட்டு எவனும் என் பக்கத்துல உட்கார வேணாம்."

கேப்டன் சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் முதலாளி. சரி என்றேன். குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காதவன் மாதிரி ஹெட்ஃபோன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

வாத்தி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "உன் ரோஷத்துக்கு எங்க வருஷமும் சேர்ந்து போகணுமா?"

அவனையும் பசங்களையும் கேட்டிருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்வாங்கன்னுதான் கேட்கல.

மார்ச் 20

அழைப்பு ரத்து. ஒரே வரியில் மெயில்.

அம்மா போனில்: "சின்ன வயசுல ரிமோட்டுக்கு அடிச்சிக்கிட்டீங்க. இப்ப இதுக்கா?" இது வேறம்மா என்றேன். "எனக்கு ஒண்ணும் வேறயா தெரியல," என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

குச்சியின் இடத்துக்குப் புதுப் பெண். நடந்து வருவதே தெரியாது, வந்து நின்ற பிறகுதான் தெரியும். பூனை என்று பேர் வைத்துவிட்டார்கள் ரெட்டைப் பசங்க. என் இடது பக்க நாற்காலி, முதலில் உள்ளே பாய்கிற ஆளின் நாற்காலி, இப்போது அவளுக்கு.

முதல் பயிற்சி. நல்ல சமயம், கதவு திறந்திருக்கு. நான் கத்துகிறேன்: "குச்சி, உள்ளே போ." யாரும் போகவில்லை. எல்லாரும் செத்தோம்.

"என் பேரு அது இல்லைங்க," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஏப்ரல் 11

ஓபன் சுற்று. ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டாவது ஆட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மைக்கில் பின்னாலிருந்து ஒரு அம்மா "சாப்பிட வா" என்று கூப்பிடுவது கேட்டது. அவர்களிடம் தோற்கப் பார்த்தோம்.

காரணம் நான். அவசரத்தில் வாயில் "குச்" என்று வந்துவிடுகிறது. உடனே "இல்ல இல்ல, பூனை" என்று திருத்துகிறேன். அந்தத் திருத்தத்துக்குள் எதிராளி திரும்பிவிடுகிறான். ஒரு தரம் இல்லை, மூணு தரம்.

வராந்தாவில் பேசின அன்றைக்கு அப்புறம் வாத்தி இன்றுதான் என்னிடம் முகம் பார்த்துப் பேசினான். "நீதான அவனை அனுப்பின? அப்ப முழுசா அனுப்பு."

ஏப்ரல் 12

ஓபனைத் தாண்டியாச்சு. இனி இறுதித் தகுதிச் சுற்று, அதில் ஜெயித்தால்தான் சாம்பியன்ஷிப்.

ஏப்ரல் 19

பூனை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பேரையே கூப்பிடுங்க."

"எதுக்கு? உனக்குன்னு பேர் இருக்கு."

"இருக்கு, ஆட்டம் முடிஞ்சு வெளியே வந்து கூப்பிடுங்க. உள்ளே நீங்க என்னைத் திருத்திக் கூப்பிடறதுக்குள்ள நான் செத்துடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு அவரோடதா இருக்கட்டும். போறது நான்தானே," என்றாள்.

இந்தப் பெண்ணுக்கு வாய் இல்லை என்று நினைத்திருந்தேன். ரெட்டைப் பசங்க கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, செருப்பால் அடித்தது போலவும் இருந்தது.

ஏப்ரல் 27

சாம்பியன்ஷிப்பில் மிச்சம் இருந்தது ஒரே இடம். இரண்டு அணி. கடைசிக் களம், கடைசி ரவுண்டு வரை இழுத்துவிட்டது.

எதிரணி கேப்டன் நாள் முழுக்க இடது பக்கத்தையே காத்துக்கொண்டிருந்தான். கடைசி ரவுண்டில் வலது பக்கம் மாறுவான் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்றால் சொல்லத் தெரியாது. நான் அவனாக இருந்தால் மாறுவேன். மூணு பேரை வலது பக்கம் அனுப்பிச் சத்தம் போட வைத்தேன், நானும் அங்கேதான். இடது பக்கம் அவள் மட்டும். நான் நினைத்தது தப்பென்றால் மானம், வருஷம் எல்லாம் அங்கேயே முடிந்தது.

"குச்சி, உள்ளே போ."

போனாள். உள்ளே ஒருவன் கூட இல்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து மூன்று பேரை விழ வைத்தாள். மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

அதே வர்ணனையாளர்: "அக்கா பேசினாங்க. அவ்ளோதான், எதிர்ல இருக்கறவங்களுக்குப் பேச்சு வரல." இதை மட்டும் வாத்தியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். ஏழெட்டு தடவைக்கு அப்புறம், "போதும் கேப்டன், காது வலிக்குது," என்றான். அப்புறம் அவனே இன்னொரு தடவை போட்டான்.

நான் செய்தேன். நாங்கள் செய்தோம். திமிர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், இன்றைக்கு எனக்கு அது தகும்.

ஏப்ரல் 28

காலையில் குச்சி போன் செய்தான். போனதிலிருந்து விசாரிப்பு மட்டும்தான், சாப்பிட்டியா தூங்கினியா. இன்றைக்குத்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசினான்.

ஆட்டம் முடிந்த பிறகு எங்கள் ஹெட்செட் பேச்சை ஒளிபரப்பில் போட்டிருக்கிறார்கள். அவன் அங்கே தன் டீமோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

"நீ கூப்பிட்டதும் எழுந்து நின்னுட்டேன்க்கா. கையில சோத்துத் தட்டு வேற. எல்லாரும் சிரிச்சாங்க."

நானும் சிரித்தேன். வைத்த பிறகு அழுதேன். நல்ல அழுகைதான்.

மே 16

சாம்பியன்ஷிப். முதல் ஆட்டமே குச்சியின் கிளப்போடு. அம்மா நடு வரிசையில் இருக்கிறாள். யாருக்குக் கைதட்டுவது என்று கேட்டாள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரு என்றேன்.

மேடைக்குப் போகிற நடைபாதையில் இரண்டு அணியும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றிருந்தோம். எங்களை முதலில் கூப்பிட்டார்கள். பூனை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குச்சி, வா," என்றேன்.

பூனை எழுந்தாள். எதிர்ச் சுவரிலிருந்து, வேறு சட்டையில், என் தம்பியும் ஓரடி எடுத்து வைத்துவிட்டான்.

"உன்னை இல்லடா," என்றேன். "நீ அங்கேயே நில்லு. நாங்க வர்றோம்."