சுற்றிவளைப்பு

முழங்கைக்குக் கீழே ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருக்கிறது. மூட்டுவலிக்கான புது மருந்து உடம்பின் காவலைத் தளர்த்துமாம். அதனால் முதலில் சயரோகப் பரிசோதனைக்கு இந்த ஊசி. தடிப்பைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது. புருசனென்ற அன்பினால் வந்ததென்று நினைத்துவிடாதீர்கள்.

அப்போது மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் உங்களுக்கு வேலை. திருகோணமலை இறங்குதுறையிலிருந்து சயரோகக் கிளினிக் கூப்பிடு தூரம். அக்கரையில் கட்டைபறிச்சான் ஊர்ச்சனம்கூடச் சோதனைச் சாவடியெல்லாம் ஏறி இறங்கி வந்து குளிசை வாங்கிப் போனது. நீங்களோ இருமல் நின்றதும் போவதை நிறுத்தினீர்கள்.

கேட்டால், டொக்டர் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னீர்கள். அவர் சொன்ன அன்று பக்கத்துக் கதிரையில் நானும் இருந்தேன். நுரையீரலின் காற்றறைகளில் காவல் நிற்கும் உயிர்க்கலங்கள் கிருமியை விழுங்குமாம். மற்றக் கிருமியென்றால் உள்ளே செரித்துவிடும். இது விழுங்கிய கலத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகுமாம். பிறகு வேறு கலங்கள் ஓடிவந்து சுற்றி நெருக்கி நிற்குமாம். நமக்கு விளங்கட்டுமென்று அந்த மனிதர் அதைச் சுற்றிவளைப்பு என்றார். ஆமி ஊரூராகச் சுற்றிவளைத்துத் தேடிய யுத்த காலத்தில் அந்தச் சொல் விளங்காதவர் யார்?

“சுத்திவளைச்சாச்செண்டு டொக்டரே சொல்லிப்போட்டார். இனியென்ன குளிசை?” என்றீர்கள்.

“எங்கட ஊரைச் சுத்திவளைக்கேக்க நீங்களும் பள்ளிக்கூட வளவில குந்தியிருந்தனீங்கள்தானே. ஆமி தேடி வந்த ஆள் பிடிபட்டவனா?”

“உன்னோட கதைக்க ஏலாது,” என்று சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

வளையம் தளர்ந்தால் உள்ளே கிடப்பது வெளியே வரும், குளிசைதான் அதைக் கொல்லும் என்றும் டொக்டர் சொன்னார். அது மட்டும் உங்கள் காதில் ஏறவில்லை. மாரியில் இருமல் இரத்தத்தோடு திரும்பியது. பிறகு தந்த குளிசை எதற்கும் அது அடங்கவில்லை. கடைசி வரை உங்கள் துப்பலை ஏந்தியவள் நான். செத்தவரைத் திட்டக்கூடாதென்று உங்கள் அக்கா சொல்கிறார். ஏந்தியது அவரா? எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இன்று கையைப் பார்த்த டொக்டர் ஒரு சின்னப் பெண்.

“பயப்படாதீங்கோ அம்மா. இந்தத் தடிப்பெண்டா, சயரோகக் கிருமி நெஞ்சுக்குள்ள நித்திரையாக் கிடக்குது எண்டுதான். கலங்கள் சுத்தி நிண்டு காக்குது. ஆனா அது சாகேல்ல. ஆரிட்டயிருந்து வந்ததெண்டு தெரியுமோ?”

“ஓம்,” என்றேன்.

நீங்கள் விட்டுப்போனதில் இது ஒன்றுதான் மிச்சம். புருசனை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறாள் என்று ஊர் சொல்வது சரிதான். நாளை குளிசை தொடங்குகிறேன். ஒருநாளும் தவறவிட மாட்டேன்.