ஒரு டிக், அறுநூற்று நாற்பது நெகட்டிவ்கள்

மார்ச் 4, செவ்வாய்

கழுகு புத்தகம் போடுகிறான். உறுதி செய்தவர்: அச்சக மேலாளர், போனில், காலை 10.20. நாற்பது வருடப் படங்கள், 212 பக்கம், வெளியீடு மே மாதம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் எழுதுவதில்லை என்பது என் பழக்கம். பைண்டிங் பகுதியிலும் விசாரித்தேன். உண்மைதான்.

கழுகு என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். என் தங்கையின் கணவன். பதினெட்டு வருடம் நான் எழுத, அவன் படமெடுக்க, ஒரே வண்டியில் போய்வந்தோம். இப்போது பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை.

மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். "உங்க பகைக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடத்துல சேத்திருந்தா இந்நேரம் ஆறாங்கிளாஸ் படிச்சிருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, புதன்

மறந்துவிடக் கூடாது என்று மறுபடியும் எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவேனா என்ன?

பதினொரு வருடத்துக்கு முன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தீ. மூன்று பேர் இறந்தார்கள். தீ பிடித்தது 2.05-க்கு. நாங்கள் அடுத்த தெருவில் வேறு வேலையாக இருந்தோம். ஐந்து நிமிடத்தில் போய்விட்டோம். கேட்டில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. பார்த்தேன், எழுதினேன். கழுகு படமெடுத்தான்.

நிர்வாகம் சொன்னது வேறு. தீ பிடித்தபோது கேட் திறந்திருந்ததாம். மூன்று மணிக்கு மேல் கூட்டத்தைத் தடுக்கத்தான் பூட்டினார்களாம். விசாரணையில் கழுகின் டிஜிட்டல் படத்தைக் கணினியில் திறந்தார்கள். கோப்பில் பதிவாகியிருந்த நேரம் 3.10.

அவன் கேமராவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடியது. வெளிநாட்டு வேலை ஒன்றை முடித்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தான். வண்டியில் போகும்போது அவனே சொன்னான்: "மச்சான், கேமரா டைம் இன்னும் மாத்தலை." விசாரணையில் இதைச் சொன்னேன். அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "கேமரா காட்டுறதுதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

பத்திரிகை முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டு வருத்தம் தெரிவித்தது. என்னைச் செய்திப் பிரிவிலிருந்து தூக்கிச் சனிக்கிழமை இணைப்பில் போட்டார்கள். 'கேமராவும் கணினியும்' — வாசகர் கேள்விகளுக்குப் பதில். ஒரே படத்தைத் திறந்து திறந்து ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். பிரதி இரண்டு வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். பயணம் முடிந்து வந்ததும் கேமராக் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

இந்தக் கடைசி ஆலோசனையை வருடம் தவறாமல் போடுகிறேன். யாருக்கென்று அவனுக்குத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். அம்மாவின் காரியத்தில் இரண்டு மூலைகளில் நின்றோமே, அதன்பிறகு இன்றுதான் குரலைக் கேட்கிறேன்.

"அண்ணே, நான்தான். வச்சுறாதே."

"வைக்கலை. சொல்லு."

"அவருக்குக் கண்ணு சரியில்லை அண்ணே. நடுவுல ஒரே மங்கல். திரையில ஒண்ணும் பிடிபடலை. பழைய நெகட்டிவ் எல்லாத்தையும் நான்தான் ஸ்கேன் பண்ணணும். மெஷின் வந்து உக்காந்திருக்கு, எனக்கு ஒரு மண்ணும் தெரியலை. உங்க அண்ணனைக் கேளுன்னாரு."

"அவனா சொன்னான்?"

"அவர்தான்."

கழுகுக்குக் கண் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் இனித்தது.

ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். கையுறை போடு. நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடி. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுகுழல் வாங்கு. ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாக, பதினாறு பிட்டில் சேமி. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ரோல் எண், படத்தின் எண் இரண்டும் வரட்டும். தினமும் வேலை முடிந்ததும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடு.

கடைசியாகக் கேட்டாள்: "'தூசி நீக்கு'ன்னு ஒரு கட்டம் இருக்கு அண்ணே. டிக் போடவா? இதெல்லாம் கருப்பு வெள்ளை ஃபிலிம்."

"மொத்தம் எத்தனை?"

"அறுநூத்தி நாப்பது."

"போடு" என்றேன்.

போடக் கூடாது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியை ஃபிலிமுக்குள் விடும். வண்ண ஃபிலிமில் அது தடையில்லாமல் போய்விடும், தூசியில் மட்டும் தடைபடும். எது தூசி என்று தெரிந்து அழித்துவிடும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். ஒளி அதிலும் தடைபடும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு, வெளிச்சம் விழுந்த இடங்களையெல்லாம் — வெள்ளைச் சட்டை, நெற்றி, சுவர் — அக்கம்பக்கத்தைக் கொண்டு பூசி மெழுகிவிடும்.

இதை நான் பத்தியில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். அவள் படித்ததில்லை. நல்லது.

மார்ச் 10, திங்கள்

சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. மற்றதெல்லாம் சுத்தம். எந்த விசாரணையிலும் நிற்பேன்.

மார்ச் 19, புதன்

மாதிரிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் ஒரு கிழவர். கன்னத்துச் சுருக்கமெல்லாம் மெழுகு மாதிரி வழிந்திருக்கிறது. பந்து விளையாடும் பெண்கள்; சட்டையில் மடிப்பே இல்லை, சுண்ணாம்பு அடித்ததுபோல. இந்தக் கிழவரின் சுருக்கத்துக்காக அவன் நாற்பது நிமிடம் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் டீ வாங்கி வந்தேன்.

"எப்படி இருக்கு அண்ணே? எனக்கு என்னமோ கொஞ்சம் வழவழன்னு தெரியுது."

"பழைய ஃபிலிம் அப்படித்தான் இருக்கும். நல்லா வந்திருக்கு" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு படத்துக்கு நாலு நிமிஷம் ஆகுது. முதுகு கழண்டு போகுது."

நான்கு நிமிடம். 640 படம். நாற்பத்திரண்டு மணி நேரம், நாற்பது நிமிடம். கணக்கை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வேலை முடிந்தது என்றாள். நெகட்டிவ்களை ஆவணக் காப்பகம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. குளிர் அறையில் வைப்பார்களாம். இனி வீட்டில் இருப்பது என் தயவில் உருவான அறுநூற்று நாற்பது கோப்புகள் மட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆசிரியரிடம் புத்தக விமர்சனத்தை நான் எழுதுகிறேன் என்று கேட்டிருந்தேன். இன்று போன் செய்தார்.

"உங்க மச்சான் ஆச்சே சார்?"

"அதனாலதான் கேக்கறேன்."

முதல் வரி தயார்: 'கழுகின் படங்களில் மனிதர்களுக்கு நெற்றி இல்லை.' இதை ஐந்து முறை மாற்றி எழுதி, பழையதற்கே திரும்பினேன். பதினொரு வருடத்தில் இவ்வளவு ஆசையாக எதையும் எழுதியதில்லை. அவன் பெயரைப் போட்டு, முதல் பத்தியில், பெரிய எழுத்தில்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "புத்தகமே இன்னும் வரலையே?" என்றாள். பக்கத்தை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அச்சுக்கு முந்தைய பக்கங்கள் தபாலில் வந்தன. தங்கை அனுப்பியிருக்கிறாள், கடைசியாக ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ரசிப்பதற்கு.

பக்கம் 112. தொழிற்சாலை கேட்.

டிஜிட்டல் படம் அல்ல. ஃபிலிம். அன்றைக்கு அவன் தோளில் இரண்டு கேமரா இருந்தது: பத்திரிகைக்கு ஒன்று, தனக்கென்று ஒன்று. அந்த ஃபிலிம் கேமராவை நான் அடியோடு மறந்திருந்தேன். கேட், பூட்டு, பின்னால் புகை. கேட்டுக்கு இடதுபுறம் காவல் அறை. அதன் சுவரில் வட்டமாக ஒரு கடிகாரம்.

கீழே குறிப்பு. அப்படியே பிரதி எடுக்கிறேன்:

'கேட் பூட்டியிருந்தது. காவல் அறைக் கடிகாரத்தில் மணி 2.10. அதே நிமிடம் நான் எடுத்த டிஜிட்டல் படத்தில் 3.10 என்று பதிவானது என் கேமராக் கடிகாரத்தின் தவறு. நிருபர் எழுதியது உண்மை. விசாரணையில் நான் அதைச் சொல்லவில்லை.'

கடிகாரத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

வெள்ளை வட்டம். முள் இல்லை. எண் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறது.

வெயிலில் நின்ற வெள்ளைக் கடிகாரம். நெகட்டிவில் அந்த இடத்தில்தான் வெள்ளி அடர்த்தியாகப் படிந்திருக்கும். ஸ்கேனர் அதைத் தூசி என்று—

நான்தானே சொன்னேன். போடு என்று.

ஓரத்தில் தங்கை பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'அண்ணே, இந்தக் கடிகாரத்தில் முள்ளே தெரியவில்லை. அவர் தெரியும் தெரியும் என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?'

ஏப்ரல் 18, வெள்ளி

போனேன். சாவி செய்யும் கடைக்கு மேல் மாடி; படிக்கட்டு மாறவில்லை. தங்கை கதவைத் திறந்துவிட்டு நாற்காலியைத் துடைத்தாள்.

கழுகு எழுந்து நின்றான். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் என் காதைப் பார்த்துப் பேசினான்.

"மச்சானா? படிச்சியா?"

"படிச்சேன். அந்த ரோலை எப்பக் கழுவினே?"

"விசாரணை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. டைம் மாத்தாத தப்பை ஒத்துக்கப் பயந்துதான் விசாரணையில அப்படிச் சொல்லிட்டு உக்காந்துட்டேன். முள்ளைப் பாத்த அன்னிக்கே வந்திருக்கணும். நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு... இப்போ இறந்தவங்கள்ல ஒருத்தரோட அக்கா, மறுபடியும் விசாரிக்கணும்னு மனு போட்டிருக்காங்க. மே ரெண்டாம் தேதி எடுக்கறாங்க. அந்தப் படத்தைக் கேட்டிருக்காங்க. நீயும் வந்து பக்கத்துல நிக்கணும் மச்சான். அதுக்குத்தான் இவளை உனக்குப் போன் பண்ணச் சொன்னதே."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த டிக் தப்பு. தெரிந்துதான் சொன்னேன்.

தங்கைக்கு முதலில் புரியவில்லை. "எது? எந்த டிக்?" என்றாள். பிறகு புரிந்தது.

"உன்கிட்டதானே கேட்டேன்? வழவழன்னு இருக்குன்னுகூடச் சொன்னேனே. நல்லா வந்திருக்குன்னு சொன்னியே!" குரல் உடைந்தது. "அவர் மேல கோவம்னா அவரை வந்து அடிச்சுட்டுப் போயிருக்கலாமே. நான் என்ன பண்ணேன் உனக்கு?"

கழுகு தடவித் தடவி உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "கண்ணு தெரியாதவனைக் கவுக்க எத்தனை பேச்சுப் பேச வேண்டியிருந்துச்சு உனக்கு?"

"ஒரு வார்த்தை."

"எனக்கு மூணு வார்த்தை ஆச்சு. 'கேமரா காட்டுறதுதான் சார்'னு சொல்லியே உன்னைக் கவுத்தேன்." ஏதோ தமாஷ் போல மூக்கால் சிரித்தான். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினொரு வருடம். கழுகைத் திட்டிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இறந்த மூன்று பேரைப் பற்றி, வருடத்துக்கு ஒரு வரி. எல்லா வருடமும் அதே வரி.

ஏப்ரல் 21, திங்கள்

விமர்சனம் எழுதவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் சனிக்கிழமைப் பத்திக்கு இதைக் கொடுத்தேன்: 'கருப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது தூசி நீக்கும் கட்டத்தில் டிக் போடலாம் என்று மார்ச் 9 அன்று ஒருவருக்குச் சொன்னேன். அது தவறு. தெரியாமல் சொன்னதல்ல.'

"கடைசி வரி வேணுமா சார்?" என்றார்.

"அதுதான் சார் செய்தி."

ஏப்ரல் 23, புதன்

உறுதியானது: நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. சொன்னவர் காப்பகத்தின் குளிர் அறைப் பொறுப்பாளர், நேரில், காலை 11.40. பட்டியலில் ரோல் எண்ணைக் காட்டினார். நான் பெயர் வைக்கச் சொன்ன முறையில் தங்கை உறைமீதும் எழுதியிருந்ததால் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. உறையைத் திறக்கவிடவில்லை. 29 செவ்வாய் வெளியே எடுப்பார்கள். ஒரு நாள் முழுக்க மூடிய டப்பாவிலேயே இருக்க வேண்டும். சட்டென்று திறந்தால் ஃபிலிமில் ஈரம் பூக்கும். 30 புதன், காலை பத்து மணிக்கு ஸ்கேன். முள் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மே 2 மனு.

மற்ற 639 படங்களையும் மறுபடி செய்ய வேண்டும். புத்தகம் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போகிறது.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தேதிகளைக் குறித்துக்கொண்டாள். புதன்கிழமை நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வந்து பக்கத்துல உக்காரு. எதையும் தொடாதே. டிக்கை நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டாள். ஆறு நிமிடம் பேசியிருக்கிறோம். ஒருமுறைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை. மறுபடி எப்போது கூப்பிடுவாள், அதற்கு மட்டும் தேதி தெரியவில்லை.